ஒச்சம்மாளுக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

கன்னிவாடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பதினெட்டு ஆடுகளை மேய்த்து வந்த ஒச்சம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைப்பேற்றுக்குத் தவிர ஆஸ்பத்திரிப் படியை மிதித்ததில்லை. கொழுந்தன் மனைவி பானுப்ரியா அப்படியில்லை. நாலு தூறல் விழுந்தாலே போர்வையைத் தேடுவாள். அதனால் ஐப்பசியில் இருவருக்கும் ஒரே வாரம் காய்ச்சல் வந்தபோது, படுத்த படுக்கையாகப் போவது யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

நடந்தது தலைகீழ். அதற்கு முந்தைய வாரம்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆடுகளுக்கு உண்ணி பிடுங்கியிருந்தார்கள். பானுப்ரியாவுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. மறுநாள் துணி துவைக்கப் போய்விட்டாள். ஒச்சம்மாளுக்கோ மண்டை பிளந்தது. கண் சிவந்து, உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன. உள்ளூர் டாக்டர் டெங்கு இல்லையென்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். ஆறாம் நாள் புருஷன் பெருமாள்சாமியைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆடு மாடு உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் ரத்தம் எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்கினார். பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினாள். இடது காது மந்தமாகிவிட்டது.

அதைவிடக் கொடுமை, பார்க்க வந்தவர்களின் பேச்சு. பானுப்ரியாவே எழுந்துவிட்டாள், உனக்கு என்ன கேடு என்றார்கள். மனதில் தைரியமில்லை என்றார்கள். பெருமாள்சாமியோ ஒருபடி மேலே போய், அவள் உடம்பு வாகே அப்படி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துப் பழகிவிட்டாள் என்று டீக்கடையில் சொல்லியிருந்தான். ஒரே ஆட்டு உண்ணிதானே இருவரையும் கடித்தது என்ற கேள்விக்கு ஒச்சம்மாளிடம் பதில் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

உண்ணிக் காய்ச்சலை ஆராயும் வினோலியா என்ற டாக்டர் ஒருநாள் வீடு தேடி வந்தார். பானுப்ரியாவின் தொடையில் கடிவாயில் காய்ந்திருந்த கறுப்புப் பொருக்கைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். திண்டுக்கல்லில் எடுத்த ஒச்சம்மாளின் ரத்தம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. மாசியில் மறுபடி வந்தார்.

இருவர் உடம்பிலும் இருந்தது ஒரே சாதிக் கிருமிதான். ஆனால் அதன் மரபணுக்களில் வித்தியாசம் இருக்கிறது, ஒச்சம்மாளைப் பிடித்தது வேறு ரகம் என்றார். அந்த ரகம் பிடித்த பலருக்கும் நோய் கடுமையாக இருந்ததாம். ஒரே ஆட்டில் இருக்கும் இரண்டு உண்ணிகள் இரண்டு ரகக் கிருமியைச் சுமக்கலாமாம்.

ஒச்சம்மாள் எழுந்துபோய், ஆட்டுக் கொட்டத்தில் இருந்த பெருமாள்சாமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இவருகிட்ட இன்னொரு தடவ சொல்லுங்கம்மா. வேற ரகம்னு சொல்லுங்க."

வினோலியா பொறுமையாகச் சொன்னார். ஆனால் நேர்மையான மனுஷி, சொல்லிவிட்டு, "அது மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. மருந்து லேட்டா கிடைச்சதும் இருக்கு, உடம்பு வாகும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

பெருமாள்சாமிக்கு அது போதும். "அதத்தானே நானும் சொன்னேன், ஒடம்பு வாகுன்னு."

"ஏம்மா, அம்புட்டும் சொல்லிப்பிட்டுக் கடைசியில அவரு பக்கம் சாஞ்சுட்டீங்களே" என்று ஒச்சம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். வினோலியா, எந்த ரகமென்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனால் காய்ச்சலென்றால் காத்திருக்காமல் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மட்டும் ஒச்சம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்குப் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து காய்ச்சலில் படுத்தார். பானுப்ரியாவுக்குப் போல மூன்று நாளில் விட்டுவிடும் என்று கசாயம் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளே ஒச்சம்மாள் அவரோடு சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றினாள். ஆடு மேய்க்கிறவர், உண்ணி கடித்திருக்கும் என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே சொன்னாள். மாத்திரை அன்றே கிடைத்தது. நாலாம் நாள் நாச்சிமுத்து மேய்ச்சலுக்குப் போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? சாதாரணக் காய்ச்சல்தான், இந்தப் பொம்பளை ஊரைக் கூட்டிவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கேள்விப்பட்ட ஒச்சம்மாள், "சொல்லட்டும், சொல்றதுக்கு ஆளு உசுரோட இருக்காருல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆடுகளைப் பத்தினாள்.