குழாய் பிடித்த மச்சான்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. நான் புவனகிரிப் பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். அவர்கள் கடலூர் துறைமுகத்துக் கிறிஸ்தவர்கள். சிதம்பரத்தில் படிக்கும்போது அவளும் நானும் பழகி, இரண்டு வீட்டையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "மாடு மேய்க்கிற பயலுக்கு எங்க வூட்டுப் பொண்ணு கேக்குதா?"

எங்கள் வீட்டில் மாடே கிடையாது. அதை அப்போது திருப்பிச் சொல்லாமல் விட்டோமே என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

சுனாமிக்குப் பிறகு வந்த வருஷங்களில் செம்மங்குப்பத்துக்கு நேரே கடலுக்குள் குழாய் பதிக்கிற வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுத்தார். முங்கி வேலை செய்ய உள்ளூர் ஆட்கள் வேண்டும், பயிற்சிக்கு அவரே அனுப்புவார் என்றார்கள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் மாமியார் வீட்டுத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவன் நான். பெயர் கொடுத்தேன். மச்சானும் கொடுத்தான். "வெள்ளாத்துல முழுகுனவன் எல்லாம் கடல்ல எறங்கி இன்னாத்த கிழிக்கப் போறான்?" என்று என் காதுபடவே எல்லாரிடமும் சொன்னான்.

கடலுக்கடியில் கூலி வேலை செய்வதற்கும் படிக்கட்டு உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். முதல் லெவலில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஸ்பேனரைத் தொடக் கூடாது. இரண்டாவது லெவலில்தான் ஆள் என்று மதிப்பார்கள். தலையில் ஹெல்மெட், மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று, கூடவே போன் வயர், முப்பது மீட்டர் வரை இறங்கி போல்ட் முடுக்கலாம். மூன்றாவது ஐம்பது மீட்டர். அதற்கும் மேலே ஒரு லெவல் உண்டு, இரும்புக் கூண்டுக்குள் வாரக்கணக்கில் அடைந்து கிடக்க வேண்டும், அந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு. எனக்கு இரண்டாவது வேண்டும். அது இல்லாவிட்டால் குழாய் வேலை முடிகிற அன்று நானும் முடிந்தேன். மறுபடி புவனகிரிக்குப் போய் அப்பாவின் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும்.

பயிற்சிக்கு முன்னால் சிதம்பரத்தில் உடல் பரிசோதனை. மச்சானின் காதுக்குள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். சின்ன வயசிலிருந்து கடலில் குதித்துக் குதித்துச் செவிப்பறை ஓட்டையாகியிருந்தது. எந்த லெவலுக்கும் லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். என் காது முத்து மாதிரி இருந்ததாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் கடலூர் வரை நின்றுகொண்டே வந்தான். எனக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

அவனுக்குக் கிடைத்தது மேலே நின்று குழாய் பிடிக்கிற வேலை. அதற்கும் ஒரு பயிற்சி, ஒரு சர்டிபிகேட். கீழே இருப்பவனின் குழாய் இறுகாமலும் தொய்யாமலும் விட்டுப் பிடிக்க வேண்டும், போன் செத்தால் சுண்டிப் பார்க்க வேண்டும், சூப்பர்வைசர் சொல்லாமல் இழுக்கக் கூடாது. இதையெல்லாம் அவன் வேறு யாருக்காவது பிடித்துத் தொலைக்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். மாமியார் விடவில்லை. அவர்கள் பூர்வீகம் தெற்கே, சங்கு குளித்த குடும்பம். அங்கே குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். வேறு கையில் கொடுக்க மாட்டார்கள். "கூடப் பொறந்தவ தாலிய எவனாவது அறுப்பானா? அவன்தான் புடிக்கணும்" என்று சொல்லிவிட்டது அந்த அம்மா. என் மனைவியும் அதையே பிடித்துக்கொண்டாள். கான்ட்ராக்டருக்கு என்ன, சர்டிபிகேட் இருந்தால் போதும்.

ஆக, ஊரிலேயே என்னை அதிகம் வெறுத்தவன் கையில் என் மூச்சுக் குழாய்.

பயிற்சி நாட்களில் கடலில் வேலை நடக்கிற மிதவையில் நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். ஹெல்மெட்டை மாட்டும்போது வேண்டுமென்றே கழுத்தில் இடிப்பான். நான் மேலே ஏறியதும் ஈர உடையை அவன் காலடியில் கழற்றிப் போடுவேன். சாப்பாட்டுத் தூக்கு இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வரும், ஒரே மீன் குழம்பு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்போம். ஆனால் குழாயில் மட்டும் ஒரு நாளும் குறை சொல்ல முடியாது, சனியன், அதில் அவன் சுத்தம்.

இரண்டாவது லெவலுக்குக் கடைசிப் பரீட்சை கடலிலேயே நடந்தது. வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்தார். கீழே இறங்கி, இரண்டு குழாய்கள் சேருகிற இடத்தில் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, அவர் கூப்பிட்டதும் முறையாக ஏற வேண்டும். தண்ணீர் கலங்கல், என் கையே எனக்குத் தெரியவில்லை. பாதி போல்ட் முடுக்கியிருப்பேன், காதில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. போன் செத்துவிட்டது என்று புரிந்தது. காற்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து சுண்டுவார்கள், பதில் சுண்டலாம் என்று வேலையைத் தொடர்ந்தேன்.

அவன் சுண்டியிருக்கிறான். என் காற்றுக் குழாய் இரும்பு விளிம்பில் லேசாக மாட்டிக் கிடந்ததால் அந்தச் சுண்டல் எனக்கு எட்டவில்லை. மேலே சூப்பர்வைசர், "பொறு, ஸ்டாண்ட்பை ஆள் எறங்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். ஆபத்துக்கென்று தயாராக நிற்கிற இன்னொரு ஆளை இறக்குவதுதான் முறை. நான் ஏழாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன், யாரோ என்னைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஸ்பேனர் போயிற்று. தலை எது கால் எது என்று தெரியாமல் மேலே போய்க்கொண்டிருந்தேன். அப்படி ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிற பாடம். கத்தினேன். காற்று வெளியே போகட்டும் என்று தொண்டை கிழியக் கெட்ட வார்த்தையாகவே கத்திக்கொண்டு ஏறினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். மூக்கிலிருந்து ரத்தம். "என்னக் கொல்லத்தானடா பாத்த?" என்று அவன்மேல் பாய்ந்தேன். இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். அவன் குழாயைக் கையில் பிடித்தபடி மண்டிபோட்டு, கரையில் எறிந்த மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். முகம் கறுத்திருந்தது.

பரீட்சகர் கேட்டார், "அவர் இழுக்கச் சொல்லி சிக்னல் கொடுத்தாரா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன்யா இழுத்த?"

"எனக்கு மூச்சு முட்டிடுச்சு சார்."

யாருக்கும் விளங்கவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "எங்கப்பாரு குளிக்கும்போது எங்க மாமன்தான் கயிறு. கீழ போனவன் மூச்ச அடக்குனா மேல நிக்கிறவனும் அடக்கிக்கணும். நம்மால முடியலன்னா அவனாலயும் முடியாது, இழுத்துடணும். போன் நின்னுச்சு, சுண்டினேன், பதில் இல்ல. நானும் அடக்கிக்கினேன்."

"அவருக்குத்தான் காத்துக் குழாய் இருக்கே! முட்டாளா நீ?"

"இருக்கு சார். தெரியும்."

என்னைத் தேர்வில் தள்ளிவிட்டார்கள், இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார்கள். அவனை என்ன செய்வது என்று கான்ட்ராக்டர் என்னைக் கேட்டார். "அவன் புடிச்சா நீ மறுபடி எறங்குவியா? எறங்குவேன்னா வச்சிக்கிறேன்." என் மனைவி முந்தின நாள் இரவெல்லாம் அழுதிருந்தாள். "அண்ணனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். எனக்கும் வேறு நுரையீரல் கிடையாது. இறங்க மாட்டேன் என்று கான்ட்ராக்டரிடம் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவனை நிறுத்திவிட்டார்கள். காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கொட்டை குடோனில் மூட்டை தூக்கப் போனான். கடல் காற்றுகூடப் படாத இடம். வேறொரு ஆள் குழாய் பிடிக்க, நான் இரண்டாவது லெவல் வாங்கினேன். அந்த ஆள் ரொம்ப ஒழுங்கு. நான் கீழே இருக்கும்போது மேலே பாக்கு மென்றுகொண்டு நிற்பான்.

சில வருஷம் கழித்து மூன்றாவது லெவலுக்கு மேற்குக் கரைக்குக் கிளம்பினேன். ஐம்பது மீட்டர். கிளம்புவதற்கு முதல் நாள் மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவன். சட்டையில் முந்திரித் தோட்டுக் கறை. உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

"அங்க உனக்கு யாரு புடிப்பா?"

"எவனோ ஒருத்தன். சர்டிபிகேட் இருக்கிறவன்."

"எனக்கு உன்னக் கண்டாலே ஆவாது. இப்பவும் சொல்றேன்."

"எனக்கும்தான்."

"ஐம்பது மீட்டர் எறங்குறது எந்த நாளு, எத்தினி மணின்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டுப் போ."

"எதுக்கு?"

"சொல்லிட்டுப் போன்னா போவியா!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைச் சாத்திவிட்டேன். என் மனைவி இரண்டு முறை கேட்டாள். நாள் இன்னும் முடிவாகவில்லை என்று பொய் சொன்னேன். முடிவாகித்தான் இருந்தது. சொல்லியிருந்தால், அந்த மடையன் குடோனில் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே மூச்சை அடக்கிச் செத்துத் தொலைந்திருப்பான்.