வாயில் நனையாத அரிசி

ஓசூரில் இன்று என் பட்டறையில் முப்பது லேத் ஓடுகிறது. படிப்பு மூன்றாம் வகுப்பு. எவன் தயவிலும் நான் மேலே வரவில்லை. அப்பேர்ப்பட்ட என்னைத் திருடன் என்றார்கள். எட்டு வயதில், கல்லாவியில், என் தாய்மாமன் வீட்டில். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் அங்கேதான் இருந்தோம். ஒருநாள் அத்தையின் வெள்ளிக் கொலுசில் ஒன்றைக் காணோம். மாமா வீட்டு ஆட்களையெல்லாம் வாசலில் வரிசையாக உட்கார வைத்து, சாமி முன் வைத்து எடுத்த பச்சரிசியை ஆளுக்கொரு பிடி கொடுத்தார். மென்று இலையில் துப்ப வேண்டும். யாருடைய அரிசி நனையவில்லையோ அவர்தான் எடுத்தவர். போலீஸ், கோர்ட்டு எல்லாம் எங்களுக்கு அதுதான்.

"எடுத்தவன் வாயில எச்சி ஊறாதுடா" என்றாள் அத்தை, என்னை மட்டும் பார்த்து.

அவ்வளவுதான். நெஞ்சு பவர் பிரஸ் மாதிரி அடித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மென்றேன், மென்றேன், மாவாகத்தான் உதிர்ந்தது. என் இலையைப் பார்த்ததுமே விசாரணை முடிந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாவின் இலையை நான் பார்த்தேன். அதிலும் காய்ந்த மாவு. யாரும் கவனிக்குமுன் அதைக் கசக்கி மாட்டுத் தொட்டியில் போட்டாள். பிறகு வந்து எல்லோர் முன்னாலும் என்னை அடித்தாள். அவள் இலையில் பார்த்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கொலுசு வைக்கோல் போருக்கடியில் கிடைத்தது. மாடுகளுக்கு வைக்கோல் பிடுங்கப் போன அத்தையின் காலிலிருந்து கழன்றிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார்களா?

"அரிசிக்குப் பயந்து கொண்டாந்து போட்டுட்டான் பாரு" என்றார் மாமா.

அரிசி தோற்காதாம். இது என்னங்க நியாயம்? ஆனால் மாமா சொன்னதை நானும் நம்பினேன், ஆளை மட்டும் மாற்றி.

போன மாதம் கண் ஆபரேஷனுக்குப் போனேன். எனக்கா பயம்? இருந்தாலும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா சிரித்தார்.

"பயந்தா எல்லாருக்கும் வாய் காயும் ஐயா. தப்பு செஞ்சவன், செய்யாதவன்னு உடம்புக்குத் தெரியாது."

மாமாவுக்குத் தெரியவில்லை, சரி. அண்ணன் வீட்டுச் சோற்றில் பிள்ளை வளர்த்தவளுக்கு அந்த வாசலில் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

அவள் சாகும்வரை பீரோ சாவியை நான் அவள் கையில் கொடுத்ததில்லை.