கம்பியோடு பேசும் டாக்டர் பிருங்கி

"அந்தப் பக்கம் போகாதடா, அது முட்டுச் சந்து. திரும்பி வா," என்று டாக்டர் பிருங்கி கெஞ்சிக்கொண்டிருக்கிறார். மனிதரிடம் அல்ல, நோயாளியின் தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் விட்டிருக்கும், தையல் நூல் பருமனே உள்ள கம்பியிடம். கண்கள் எக்ஸ்ரே திரையை விட்டு அசைவதில்லை. கம்பி அடைப்பைத் தாண்டினால் "என் தங்கம்!" தாண்டாவிட்டால், "ஒனக்கு இன்னிக்குச் சோறு கெடையாது."

உகாண்டாவின் கம்பாலாவில் அவரோடு நர்ஸாக நிற்கும் எனக்கு இது பழகிவிட்டது. மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, விழித்தபடி படுத்திருக்கும் நோயாளிகள்தான் தங்களைத் திட்டுவதாக நினைத்து, "மன்னிச்சிருங்க டாக்டர்" என்பார்கள்.

உடம்புக்குள் இத்தனை பொறுமையான இந்தப் பெண்மணிக்கு ஊருக்குள் துளிப் பொறுமை கிடையாது. வண்டிகள் நெருக்கினால் காரை யாரோ ஒருவரின் கடை வாசலில் விட்டுவிட்டு, வாடகை மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவார். சாயங்காலம் என்னிடம் வந்து, "ஜஸ்டின், காரை எங்க விட்டேன்?" என்பார். கேட்டபடியே வேர்க்கடலைத் தோலை என் மேசையில் ஊதிவிட்டுப் போவார்.

போன மழைக்காலத்தில் நாலோங்கோ அம்மா வந்தார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் நாலோங்கோதான். மிதி மெஷினில் பள்ளிச் சீருடை தைப்பவர். சர்க்கரை நோயால் வலது காலின் குழாய் அடைத்து, ஒரு விரல் கறுத்திருந்தது.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து," என்றார் அறுவை மருத்துவர் லுபேகா.

"ஒரு தடவ கம்பிய விட்டுப் பாத்துடறேன்," என்றார் பிருங்கி. " முடியலேன்னா நீங்க எடுங்க."

கம்பி போகவில்லை. பிருங்கி கொஞ்சினார், மிரட்டினார், கழுதை என்றார்.

"யாரைத் திட்டுறே, மகளே?" என்றார் படுத்திருந்த நாலோங்கோ.

"கம்பியத்தாம்மா. ஒங்க அடைப்புல முட்டிக்கிட்டு நிக்குது."

"எம் புருஷனும் அப்படித்தான். கத்தினா நகரவே மாட்டாரு. செத்த நேரம் சும்மா இருந்து பாரேன்."

அறையே சிரித்தது. பிருங்கி சிரிக்கவில்லை, நான் அறிந்து முதல் முறையாக வாயை மூடிக்கொண்டார். காலடிக்கு நகர்ந்து, பாதத்தில் இருந்த சிறிய குழாயில் ஊசி குத்தி, இன்னொரு கம்பியைக் கீழிருந்து மேலே அனுப்பினார். கம்பி அடைப்பில் நின்றது, நெளிந்தது, பிறகு மறுபக்கம் தலை நீட்டியது. அதன் மேலேயே சின்ன பலூனை ஏற்றி ஊதி, அடைப்பை விரித்தார். ரத்த ஓட்டத்தை எக்ஸ்ரேயில் காட்டும் மருந்தைச் செலுத்தியதும் திரையில் ஒரு கறுப்புக் கோடு பாதம் வரை ஓடியது.

"அய்யோ, காலு சுடுதே! எத்தனை நாளாச்சு!" என்று கத்தினார் நாலோங்கோ.

கறுத்த விரலைப் பிறகு எடுக்கத்தான் வேண்டியிருந்தது. கால் பிழைத்தது.

அன்று லுபேகா கதவைத் திறந்து, "என்னாச்சு?" என்று கேட்டார். பிருங்கி கையுறையைக் கழற்றிப் போட்டார். லுபேகாவின் கையைப் பிடித்து இழுத்து நாலோங்கோவின் சூடேறியிருந்த பாதத்தில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.