பதினாறு மூச்சு

ஸர்கா ஊரில் ஹதீலின் ஆம்புலன்ஸ் படிப்பு முடிய இரண்டே வாரம் பாக்கி. மூத்த ஊழியர் அபூ நிதாலின் வண்டியில் பயிற்சி. நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கருவி காட்டிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் நோயாளியின் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணவேண்டும். யாருக்கு இருக்கிறது அந்தப் பொறுமை? படிவத்தில் பதினாறு என்று போடு, அதுதான் சாதாரண அளவு, ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று முதல் வாரமே அபூ நிதால் சொல்லிக்கொடுத்துவிட்டார். நல்ல வாத்தியார், போங்கள்! அவளும் நூறு படிவங்களில் பதினாறு போட்டாள்.

ஒருநாள் காலை ஏற்றிய உம் சாபிர் என்ற அம்மாள் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே ஓயாமல் பேசினாள். வெறும் காய்ச்சல்தான் என்றாள். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, என் தங்கை மகன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஆரம்பித்தாள். நாலு வார்த்தைக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். ஹதீல் சிரித்துக்கொண்டே பதினாறு எழுதினாள். படிவத்தைப் பார்த்த மருத்துவமனை நர்ஸ், அவசரமில்லை என்று அந்த அம்மாளை நடைக்கூடத்தில் உட்காரவைத்தாள். இரண்டு மணி நேரத்தில் உம் சாபிர் சரிந்து விழுந்தாள். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்ததாம். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இயந்திரம்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது.

ஹதீலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாவி, ஒரே ஒரு நிமிடம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். யார் எதிரே உட்கார்ந்தாலும் கண் தானாக நெஞ்சுக்குப் போய் எண்ணியது.

நாலாம் நாள் உம் சாபிரின் மூத்த மகன் சாபிர், ஒரு தட்டு நிறையக் கனாஃபா இனிப்போடு ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்தான். அம்மாவிடம் அத்தனை அன்பாகப் பேசிய பெண்ணுக்கு நன்றி சொல்லவேண்டுமாம்.

"எங்கம்மாவ வெளிய உக்கார வச்சாளே அந்த நர்ஸு, அவள நான் சும்மா விடமாட்டேன் தங்கச்சி. நாளைக்கு ஆஸ்பத்திரியில விசாரணை. அவ வேலை போகாம ஓயமாட்டேன்," என்றான்.

அவன் கை கழுவப் போனதும் அபூ நிதால் ஹதீலின் காதருகே குனிந்தார். "கனாஃபாவத் தின்னுட்டு கம்முனு இரு. வாயத் தொறந்தா உன் சர்டிபிகேட்டும் போச்சு, என் வேலையும் போச்சு."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. இரண்டு வருடம் அப்பா சொந்தக்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு படிக்கவைத்த படிப்பு. ஆனால் அவள் எழுதிய பதினாறுக்காக வேலை போகப்போவது அந்த நர்ஸுக்கு. சாபிர் திரும்பி வந்ததும் எழுந்து நின்றாள்.

"நர்ஸு மேல தப்பில்லண்ணே. மூச்சு சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான். நாளைக்கு வந்து அங்கயும் சொல்றேன்."

அபூ நிதால் தலையில் கை வைத்துக்கொண்டார். சாபிர் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தாலும் தேவலை. அவனோ கணக்குப் புரியாதவன்போல மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நெசமா எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியாதுண்ணே," என்றாள் ஹதீல். "நான் எண்ணவே இல்ல."