மாரியாயி மடியில் இருந்த ஒரு பிடி கொழுந்து

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நான் இருந்தேன், போனை எடுத்த என் மருமகள் தேவி இருந்தாள், அரிசி கொண்டுவந்த கடைக்கார நானா இருந்தார், வெயில் காய்ந்துகொண்டு, ஒரு காலத்தில் எங்களிடம் வேலை வாங்கிய பெருமாள் கங்காணியும் இருந்தார். மாரியாயி போய்விட்டாள்.

அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். அட்டை கடித்து இரத்தம் நிற்காவிட்டால் கொழுந்தை மென்று அப்பிவிடுவாள். வீட்டில் பச்சைக்கொழுந்தை இரும்புச் சட்டியில் சிவக்காமல் வாட்டி, உள்ளங்கையில் உருட்டி, அடுப்புக்கு மேலே காயவைப்பாள். வயிறு மந்தம், தலைக்கனம் என்றால் நம் லயத்தில் எல்லாருக்கும் அதைப் போட்டு ஊற்றிய தண்ணிதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் தரமாட்டாள். என் மகள் கேட்டபோது, “இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் இது குடிச்சிரும்டி. புள்ள பொறக்கட்டும், சட்டியோட தாரேன்” என்றாள்.

நாம் பறிக்கிற கொழுந்து நமக்குச் சொந்தமில்லை. ஆனாலும் ஒரு பிடி மடியில் வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கங்காணிக்கும் தெரியும். வயிற்று வலிக்கு அவரே அவள் வீட்டில் வாங்கிக் குடித்தவர்.

எனக்கு ஈறு வீங்கி முகம் கோணியிருந்த சமயம், கொதிக்கவைத்து வாய் கொப்பளிக்கத் தருகிறேன் என்று ஒரு பிடியைச் செருகிக்கொண்டாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அன்றைக்குப் புதுத் துரை நின்றார். துரை பார்க்கவேண்டும் என்று கங்காணி அவளை மடியை உதறச் சொன்னார். உதறினாள். “கள்ளி” என்றார் கங்காணி. அவர் குடித்த கதையை அவள் சொல்லியிருந்தால் அவர் வேலையும் போயிருக்கும். வாயே திறக்கவில்லை. அவள் வேலையைத்தான் நிறுத்தினார்கள். வீங்கிய முகத்தோடு நான் வரிசையில் நின்றேன்.

பிறகு கங்காணிக்குச் சீனி வியாதி வந்தது. டவுனில் பச்சைத் தேயிலையைப் பெட்டியில் போட்டு உடம்புக்கு நல்லது என்று விற்கிறார்களே, அதைக் கேள்விப்பட்டு அவள் வாசலுக்கே வந்து நின்றார். அவளும் ஊற்றிக் கொடுத்தாள். “இது மாத்திரைக்குப் பதில் இல்லீங்க, மாத்திரைய விட்டுறாதீங்க” என்று புத்தியும் சொன்னாள். அவர் போனதும் நான் சண்டைக்குப் போனேன். “அவரு வாய்க்குக் கசக்கட்டும். நமக்கு ஏன் கசக்கணும்?” என்று கிளாசைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுடைய இரும்புச் சட்டியை அவள் மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அதில்தான் இப்போது வாட்டுகிறேன். அவள் பதம் எனக்கு வரவில்லை, சில நேரம் சிவந்துபோகிறது.

அன்றைக்குச் சேதி கேட்டதும் கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல மனுசி” என்றார். அந்த மடுவத்தில் சொன்ன சொல்லை, அவள் உயிரோடு இருந்தவரை அவர் திருப்பி எடுக்கவில்லை. மாரியாயி மன்னித்துவிட்டாள். அது அவள் குணம். நான் மன்னிக்க மாட்டேன், பெருமாள் கங்காணியை.