அவவின்ர புரோகிராமுக்கு நான் போட்ட ஓகே

வெள்ளவத்தையில இருந்து பம்பலப்பிட்டி ஒபிசுக்கு பஸ்ஸில பத்து நிமிஷம். போன வருஷம் முழுக்க அந்தப் பத்து நிமிஷமும் ஒரே ஆளைப் பற்றித்தான் நினைச்சுக்கொண்டு போனனான். காதல் இல்லை, பொறாமை.

ஆள் கொட்டாஞ்சேனைப் பொம்பிளைப் பிள்ளை. நான் எட்டு வருஷமாய்க் குந்தியிருந்த டீமில வந்து சேர்ந்து ஆறு மாசமும் ஆகேல்லை. நேற்றுப் பெய்த மழையில இண்டைக்கு முளைச்ச காளான். டீமை நடத்துற லீட் போஸ்ட் உங்கள் ரெண்டு பேரில ஒராளுக்குத்தான் எண்டு மனேஜர் சொன்ன நாள் தொடங்கி எனக்குச் சோறு செமிக்கேல்லை.

ஒரு ஆசுபத்திரி லேபுக்கு டோக்கன் அடிக்கிற புரோகிராம் செய்துகொண்டிருந்தம். எங்கட பக்கம் ஜாவா மொழி. பிரிண்டரை ஓட்டுற பக்கம் சி மொழி. நோயாளியின்ர பேரை இங்கால இருந்து அங்கால குடுக்கோணும். முதல்ல அதை எழுதினவன் நான்தான். எழுத்துக்கு ஒரு பைட் எண்டு கணக்குப் போட்டு நினைவகத்தில இடம் ஒதுக்கினன். டெஸ்ட் பண்ணேக்க, எங்கட தமிழ் ஆக்கள் எல்லாரும் செய்யிற மாதிரி, பேரெல்லாம் இங்கிலிஷிலதான் அடிச்சுப் பார்த்தனான். தமிழில முதல் பேர் வந்த உடனே இடம் காணாமல் புரோகிராம் விழுந்திட்டுது. 'க'வுக்கு மூண்டு பைட், மேல வைக்கிற குத்துப் புள்ளிக்கும் மூண்டு பைட் வேணுமாம். அவ ஒரே பின்னேரத்தில திருத்தி, முழுசாய் அச்சடிச்ச தமிழ்ப் பேரை மனேஜரின்ர மேசையில வைச்சிட்டுப் போனவ.

பிறகு அந்தப் பகுதி முழுக்க அவவின்ர கைக்குப் போச்சு. எழுதி முடிச்சு, சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினவ. ஜாவா தன்ர நினைவகத்தைத் தானே துப்புரவாக்கும். சி பக்கம் அப்பிடியில்லை. பக்கத்து வீட்டுப் பாத்திரம் மாதிரி, பேரை வைக்க வாங்கின இடத்தை வேலை முடிய நாங்களே திருப்பிக் குடுக்கோணும். அவவும் குடுத்திருந்தவ, ஒரு இடத்தைத் தவிர. பிரிண்டரில பேப்பர் முடிஞ்சால் புரோகிராம் பாதியில திரும்பி வந்து, விடாமல் மறுபடி முயற்சி செய்யும். அந்த வழியில திருப்பிக் குடுக்கிற வரி இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் இடம் போய், கடைசியில நினைவகம் நிரம்பிப் புரோகிராம் விழுந்திடும். முதல் பார்வையிலயே கண்டிட்டன். கண்டும் 'ஓகே' எண்டு அடிச்சு அனுப்பினன். விழட்டும், அப்ப தெரியும் ஆர் கெட்டிக்காரர் எண்டு.

லேபில ஓடத் தொடங்கி மூண்டாம் கிழமை விழுந்தது. காலமை வெறும் வயித்தோட இரத்தம் குடுக்க வந்த சனம் ரெண்டு மணித்தியாலம் கியூவில நிண்டதாம்.

மீட்டிங்கில மனேஜர் பதிவைத் திறந்து காட்டினார். எழுதினது அவ, பார்த்தது நான். அவதான் முதல்ல வாய் திறந்தவ.

"பிழை என்ர. அண்ணா வடிவாப் பார்த்தவர். ஆனா அந்த இடம் ஆருக்கும் லேசில கண்ணில படாது."

மனேஜர் தலையாட்டினார். அடுத்த மாசம் போஸ்ட் எனக்குக் கிடைச்சது.

இப்பவும் அவ எழுதுறதெல்லாம் முதல்ல எனக்குத்தான் வருகுது. நான் பார்த்தால் தனக்குப் பயமில்லையாம். ஆனா போஸ்ட் கிடைச்சும் என்ர பொறாமை போகேல்லை. அவ்வளவு பேருக்கு முன்னால "பிழை என்ர" எண்டு சொல்லிப்போட்டு அவ எழும்பிப் போய் ஆறுதலாய்த் தேத்தண்ணி குடிச்சவ. அந்த ரெண்டு சொல்லும் எனக்கு இண்டைக்கு வரைக்கும் வாயால வரேல்லை.