பேசாத மாமியாரிடம் ஒரு பூட்டு

என் அக்கா பெற்றது நாலு. மூத்தவன் எங்கள் அப்பாவை உரித்து வைத்தாற்போல நிதானம். அடுத்தவன் எங்கள் சின்னச் சித்தப்பாவைக் கொண்டு பிறந்துவிட்டான். அந்த மனிதர் பாதி முகம் சவரம் செய்துவிட்டு, மீதி நுரையோடு தெருவில் என்ன சத்தம் என்று பார்க்க வந்து நிற்பார். இவனும் அதே ரகம்தான். சின்ன வயதில் யாரோ தவளை என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் எங்களுக்கு அவன் தவளைதான்.

கட்டடத்துக்கு வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. கையில் போடுவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டர். ஓர் இன்ஜினியர் வேலை அனுப்புவார். முன் அறையில் ஜன்னலோரம் மேசை போட்டுக்கொண்டு இவன் வரைந்து அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் பார்த்த வேலை எதிலும் அவன் கால் தரிக்கவில்லை. இதுதான் ஒட்டிக்கொண்டது. இதற்கும் ஆபத்து வந்தது, செஸ் ரூபத்தில்.

முகம் தெரியாத யாரோடோ கம்ப்யூட்டரிலேயே ஆடுகிற செஸ். ஓர் ஆட்டம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அதுதான் அதில் இருக்கிற விஷம். தோற்றால் ஜெயிக்க இன்னொன்று, ஜெயித்தால் ஜெயித்த சூட்டில் இன்னொன்று. அவனோடு இருக்கிற மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆன அன்றைக்கு, அழைத்து வர வேண்டியவன் "இந்த ஆட்டம் முடிஞ்சதும் கிளம்பறேன்" என்று உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு கண்ணில் கட்டோடு தானே வண்டி பிடித்து வந்து இறங்கினார். தெருவே கேட்க, "பொறுப்பில்லாத ஜென்மம்!" என்றார். அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. ஒரே வீடு, ஒரே கூடம், ஆனால் "தண்ணி வரலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு", "டிவியைக் குறைக்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை" என்று எல்லாமே நடுவில் அவன் மனைவி வழியாகத்தான். அவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். வீட்டிலும் கவுண்டர்தான் அவளுக்கு.

அப்புறம் ஒரு நாள் இன்ஜினியர் போன் செய்தார். "என்னய்யா, குளியலறைக் கதவைத் திறந்தா நேரா மாடிப்படியில கால் வைக்கிற மாதிரி போட்டிருக்க? குளிச்சிட்டு வர்றவன் உருண்டு விழவா? இன்னொரு தப்பு வந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அதில்தான் பயம் வந்தது. யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான். கம்ப்யூட்டருக்குள் வழி சொல்கிற பட்டியல் ஒன்று இருக்கிறதாம். வேண்டாத இணையதளத்தின் பெயரை அதில் எழுதி, இதன் விலாசம் இந்தக் கம்ப்யூட்டரேதான் என்று போட்டுவிட்டால், அங்கே போகிறேன் என்று கிளம்பினவன் தன் வாசலையே சுற்றிவிட்டு வெறுங்கையோடு நிற்பானாம். செஸ்ஸை எழுதினான். மறுநாள் மற்றவர்கள் ஆடுகிற வீடியோவில் போய் உட்கார்ந்தான். அதையும் எழுதினான். செய்திக்குத் தாவினான், அப்புறம் யாரையுமே தெரியாத ஊர்களில் மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் எழுதுவான், கை அரித்தால் அழிப்பான். எழுதினவனுக்கு அழிக்கத் தெரியாதா?

"பட்டியல்ல கை வெக்கணும்னா பாஸ்வேர்டு கேக்கற மாதிரி பண்ணிடறேன். அதை நீ போடு," என்றான் மனைவியிடம்.

"நான் போட்டா நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டதும் சொல்லித் தொலைப்பேன். அம்மா போடட்டும்."

"உங்கம்மாகிட்ட நான் பேசறதே இல்லையே!"

"அதுக்குத்தான் சொல்றேன்."

அப்படியே ஆயிற்று. அந்த அம்மாள் அவனை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் பாஸ்வேர்டைத் தட்டினார். அவனுடைய போனையும் மனைவி எடுத்துக்கொண்டு, பழைய பட்டன் போன் ஒன்றைக் கொடுத்தாள்.

பூட்டு நன்றாக வேலை செய்தது. தவளை எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லாமல் வரைந்தான். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரைபடம் முழுசாக முடிந்தது. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பப் போனால், வரைபடம் ஏற்றி அனுப்புகிற இணையதளம் திறக்கவில்லை. இன்ஜினியர் பார்த்தாரா பார்த்தாரா என்று அனுப்புகிற தளத்தையே ஓயாமல் திறந்து பார்க்கிறோமே என்று, ஆத்திரத்தில் அதையும் பட்டியலில் எழுதி வைத்திருந்தான்! மெயிலில் போகிற அளவுக்குச் சின்ன ஃபைலும் இல்லை. மனைவி கடையில் போனை எடுக்கவில்லை. இன்ஜினியர் வெளியூரில்.

கூடத்துக்கு வந்தான். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவன் சுவரைப் பார்த்து, "இந்த வீட்ல யாராவது வந்து பாஸ்வேர்டு போட்டா நல்லா இருக்கும்," என்றான்.

வெங்காயத்தைப் பார்த்து அவர் சொன்னார்: "யாராவதுன்னு இந்த வீட்ல யாரும் இல்ல."

உள்ளே போனான், வந்தான், மறுபடி உள்ளே போனான். வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை."

தலை நிமிரவில்லை. "எந்த ஆட்டம் பாதியில நிக்குது?"

"ஆட்டம் இல்ல அத்தை, ஆஸ்பத்திரி. இப்ப அனுப்பலைன்னா வேலை போயிடும். அன்னைக்கு உங்களை ஆஸ்பத்திரியில நிக்க வெச்சது என் தப்புதான். வாங்க அத்தை."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். உடம்பால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை திறந்தது. அந்த ஒரு பெயரை மட்டும் அழிக்கவிட்டு, வரைபடம் போய்ச் சேர்ந்தது என்று வருகிற வரை பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு, "இது வேலை! மாடிக்கும் நீயே போடு," என்றார்.

வீட்டில் பேச்சு திரும்பியது. "மாப்பிள்ளை, டீ ஆறுது", "அத்தை, மருந்து போட்டீங்களா" என்று ஒரே உபசாரம். என் அக்கா எனக்குப் போன் செய்து, கேட்கவே காது குளிருது என்றாள். ஆனால் பேச்சு வந்தால் கேட்கவும் வாய் வரும் அல்லவா? அந்த வாரமே, "அத்தை, ஒரே ஒரு ஆட்டம். மாடி பாதி முடிஞ்சிடுச்சு," என்று போய் நின்றான். புதுப் பாசம், அந்த அம்மாளுக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. திறந்துவிட்டார். மகள் வேலை முடிந்து வந்து பார்த்தபோதும் ஆடிக்கொண்டிருந்தான்.

"டிக்கெட் இல்லாதவனை நடுரோட்டுல இறக்கி விட்டவ நீ! ஒரு வார்த்தை அத்தைன்னா உருகிடுவியாம்மா?" என்று மகள் கத்தினாள்.

காலையில் தவளை மேசைக்கு வந்ததும் வாசற்படியில் நின்று சொன்னார்: "மாப்பிள்ளை, இன்னையிலேருந்து நான் உங்ககூடப் பேசப் போறதில்ல. கோவம் எல்லாம் இல்ல. மாடி முடியட்டும்."

அவன் சிரித்தான். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்து, "அத்தை, தண்ணி எங்க இருக்கு?" என்றான். தண்ணீர் அவன் மேசையிலேயே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சமையலறை வரை போனான், செருப்பை நேராக்கினான், காலண்டரைப் பார்த்தான். அவர் திரும்பவில்லை. போய் உட்கார்ந்து மாடிக் கழிவறைக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தான்.